ஆற்றில் ஒரு மாவு மூட்டை

9 செப்டம்பர் 1934, ஞாயிறு

இன்றும் கீழே இறங்கவில்லை. ஆடி மாதம் முழங்கால் இரண்டும் வீங்கியதிலிருந்து இந்த மாடி அறைதான் எனக்குப் பினாங்கு. தெருப் பக்கம் ஜன்னல் கிடையாது. இருக்கிற ஒரே ஜன்னல் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சுங்கை பினாங்கு ஆற்றைப் பார்த்திருக்கிறது. அதனால் யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எந்தக் கொக்கு எந்தக் கழியில் உட்காரும் என்பது தெரியும்.

அரிசி ஆலையின் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் சேறு மேடாகிக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் கூட்டம் அங்கேதான். வெள்ளைக் கொக்கு, குருட்டுக் கொக்கு, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற உள்ளான். சம்பான் படகு கட்டும் கழியில் ஒரு மீன்கொத்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதற்கு என்னைப் பிடிக்காது போலும்.

மத்தியானம் நாத்தனார் சோறு கொண்டுவந்தார். தனலெட்சுமி அண்ணி. அவருடைய அக்கா, கணவர் போன பிறகு எங்களோடு இருக்கிறார். நான் படுத்ததிலிருந்து வீட்டு வேலை முழுதும் அந்த அம்மாள் தலையில். அண்ணிக்குத் தூரப் பார்வை சுத்தமாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதோ கறுப்பாகப் பறந்தது. "கருடனா?" என்றார். "ஆமாம் அண்ணி" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். காக்கை அது. அவருக்குப் புண்ணியம், எனக்குப் பொழுது.

மேலே 'அவருடைய அக்கா' என்று எழுதியதில் 'அவர்' என் வீட்டுக்காரர். பெயரை எழுதினால் இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் கை வரவில்லை.

13 செப்டம்பர், வியாழன்

நாள் முழுக்க மழை. ஆறு காப்பி நிறம். ஒரு பறவையும் இல்லை.

18 செப்டம்பர், செவ்வாய்

புதிதாக ஒன்று வந்திருக்கிறது. முதலில் தொங்காங் சரக்குப் படகிலிருந்து ஏதோ மூட்டை விழுந்து சேற்றில் ஒதுங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அழுக்கு வெள்ளை, பெரிய உருவம். பிறகு மூட்டை கழுத்தை நீட்டியது. கழுத்துக்கு மேலே முழ நீளத்துக்கு ஒரு அலகு, அதற்குக் கீழே தொங்குகிற பை. கூழைக்கடா. நாகப்பட்டினத்தில் சின்ன வயதில் பார்த்தது. இங்கே வந்த இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக் காமாரியா ஆற்றங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பலகாரம் செய்து பாசாரில் விற்கிறவள். அவள் வாப்பா காரைக்கால்காரர், உம்மா மலாய்க்காரி, அதனால் தமிழும் உண்டு. மேலேயிருந்து கேட்டேன். "பூரோங் உண்டான்லா அக்கா, கூழைக்கடாதான். எங்க நேனேக் பாட்டி காலத்துல நெறைய வருமாம். நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

நடக்கத் தெரியாத பறவை. நாலடி வைப்பதற்குள் யாரோ தள்ளிவிட்டது போல ஆடுகிறது. எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

22 செப்டம்பர், சனி

கூழைக்கடா தினமும் வருகிறது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போது வருகிறது, ஏறி முடிந்ததும் முகத்துவாரத்துப் பக்கம் போய்விடுகிறது.

இன்று ஒன்று கவனித்தேன். அதன் பை இடது பக்கம் கிழிந்திருக்கிறது. தூண்டில் முள் ஏதாவது இழுத்திருக்க வேண்டும். தண்ணீரை அள்ளி அலகைத் தூக்கினால், தண்ணீரோடு சின்ன மீன்களும் அந்தக் கிழிசல் வழியாக விழுந்துவிடுகின்றன. இது தெரிந்த ஒரு வெள்ளைக் கொக்கு அதன் இடது பக்கமே நிற்கிறது. விழ விழப் பொறுக்குகிறது. கூழைக்கடா திரும்பினால் கொக்கும் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கத்துக்கு வந்துவிடுகிறது. கூழைக்கடா அதைத் துரத்தவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை. மறுபடி அள்ளுகிறது.

அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். இருட்டின பிறகு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அவர் துறைமுகத்தில் தொங்காங் தண்டல். கப்பல் சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் படகுக்குத் தலைவர். விடிவதற்கு முன் தெருப் பக்கமாகப் போகிறவர், விளக்கு வைத்த பின் தெருப் பக்கமாகவே வருகிறார். வானத்தைப் பார்ப்பதே மழை வருமா என்பதற்காகத்தான். அவரிடம் போய்க் கொக்கைப் பற்றி என்ன சொல்வது?

30 செப்டம்பர், ஞாயிறு

பலகைத் தரை. கீழே பேசுவது எல்லாம் மேலே கேட்கும் என்பதை அண்ணி மறந்துவிட்டாரா, கேட்கட்டும் என்றுதான் தம்பியிடம் பேசினாரா, தெரியவில்லை.

"சின்னையா, நான் சொல்றதைக் கேளு. பூசம் வரைக்கும் பார்ப்போம்லா. அதுக்குள்ள அவ படி இறங்கலைன்னா நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்தி அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடு. எனக்கும் உடம்பு முடியலை. எத்தனை நாளைக்குத் தண்ணி தூக்கிட்டு மேல ஏறுவேன்?"

அவர் பார்ப்போம் என்றார். அவ்வளவுதான். முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அண்ணி மேல தப்பு சொல்ல முடியுமா? முடியாது. அந்த அம்மா முதுகு எனக்குத் தெரியும். ஆனா போனா நான் திரும்பி வர மாட்டேன். யாரு திரும்பி வந்திருக்கா? 'கொஞ்ச நாள் வைத்தியம்'னு சொல்லி ஏத்தி விடுவாங்க, அப்புறம் அங்கேயே கிட — பிள்ளையா குட்டியா, எதைச் சொல்லிக் கூப்பிடுவாரு என்னை? அண்ணன் பெண்டாட்டி வீட்டுல ஒரு மூலை. அந்த மூலையில ஜன்னல் இருக்குமான்னு கூடத் தெரியாது.

எழுதி முடித்துப் படித்தேன். இருக்கட்டும். அடிக்கவில்லை.

4 அக்டோபர், வியாழன்

ஆஸ்பத்திரி மருந்து கேட்கவில்லை என்பதால் அண்ணி ஹக்கீமை வரவழைத்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம். நல்ல மனிதர். மாடிப்படி ஏறி வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தொடாமலே பார்த்தார்.

"எண்ணெய் தேய்க்கணும். சும்மா எண்ணெய் இல்லை. கூழைக்கடாக் கொழுப்பை உருக்கி, கற்பூரம் போட்டு, சாயங்காலம் சாயங்காலம் சூடாத் தேய்ச்சா ரெண்டு மாசத்துல எந்திரிச்சு நடப்பாங்க."

அது எங்கே கிடைக்கும் என்று அண்ணி கேட்டார். முன்பெல்லாம் அக்கரையில், குவாலா மூடா பக்கம் இருந்தது, இப்போது கண்ணில் படுவது அபூர்வம் என்றார் ஹக்கீம். அவர் அப்படிச் சொல்லும்போது அவர் முதுகுக்குப் பின்னால், வாய்க்கால் முனையில், அது நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் இன்று வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷேக் அலாவுதீனிடம் துப்பாக்கி இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அலாவுதீன் அவருடைய சிநேகிதர், வெற்றிலை வியாபாரி. லீவு நாளில் காட்டுப் பன்றி தவிர மற்ற எல்லாவற்றையும் சுடுகிறவர்.

நான் வாய் திறக்கவில்லை.

5 அக்டோபர், வெள்ளி

ஏன் சொல்லவில்லை? காலையிலிருந்து இதே கேள்வி.

இரக்கம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வாத்துக் கறியை எலும்போடு மென்று தின்கிறவள் நான். ஜீவகாருண்யம் எல்லாம் எங்கள் வீட்டு அடுப்புக்குத் தெரியாது. பாவத்துக்குப் பயந்தும் இல்லை.

கால் குணமானால் கப்பல் இல்லை. கொழுப்பு கிடைத்தால் கால் குணமாகும் என்கிறார் ஹக்கீம். கொழுப்பு ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருக்கிறது. 'அண்ணி, இங்கே பாருங்கள்' என்று ஒரு வார்த்தை. சொன்னால் தீர்ந்தது. சொல்ல வாய் வரவில்லை.

இந்த வீட்டில் நான் எதற்கும் பயன்படாமல் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் என்னை அனுப்புகிறார்கள். அந்தப் பறவை இப்போது எனக்குப் பயன்படும், அதனால் அதைக் கொல்ல வேண்டும். இரண்டில் எது எனக்குப் பிடிக்கவில்லை என்று சரியாகத் தெரியவில்லை. தெரியும்வரை பேசாமல் இருப்போம்.

மாலையில் காமாரியாவைக் கூப்பிட்டு, இந்தப் பறவையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரிடமும் பேசாதே என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தாள். சரி என்றாள்.

14 அக்டோபர், ஞாயிறு

அவரும் அலாவுதீனும் விடியற்காலையில் அக்கரைக்குப் போனார்கள். குவாலா மூடா முழுக்கச் சுற்றினார்களாம். இடுப்பு வரை சேற்றோடு வந்தார். அலாவுதீன் கையில் இரண்டு காட்டு வாத்து. கூழைக்கடா கண்ணில் படவே இல்லை என்றார். படாது. அது இங்கே இருந்தது.

21 அக்டோபர், ஞாயிறு

இன்று ஜூரு பக்கம். அங்கேயும் இல்லை. மீண்டும் வாத்து.

எனக்கு இன்று வலி பொறுக்கவில்லை. முழங்காலுக்குள் யாரோ உப்புக் கல்லை வைத்து அரைக்கிறார்கள். அவர் வந்து ஒரு நிமிஷம் என் பக்கத்தில் நின்றார். சட்டையெல்லாம் நீப்பாப் பனை இலைக் கீறல். எனக்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு அலைகிறார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என்ன?" என்றார்.

"தண்ணி" என்றேன். கொண்டுவந்து கொடுத்தார்.

9 நவம்பர், வெள்ளி

தீபாவளி வந்தது, போயிற்று. அண்ணி மேலேயே வந்து எனக்கு எண்ணெய் தேய்த்து விட்டார். பாவம், அவர் விரல்களும் மடங்கவில்லை. வெந்நீரைப் படியேற்றிக் கொண்டுவந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். பூசம் வரைக்கும்தான் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல் நினைப்பு இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

கூழைக்கடாவுக்கு எந்தப் பண்டிகையும் இல்லை. வந்தது. அள்ளியது. கொக்கு பொறுக்கியது.

11 நவம்பர், ஞாயிறு

கிடைத்துவிட்டதாம்.

வெயில் இறங்கும் நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு போத்தல், மஞ்சளாக உறைந்த கொழுப்பு. குவாலா மூடாவில் அலாவுதீன் ஒரே குண்டில் சுட்டாராம். அங்கேயே அறுத்து, உருக்கி, கற்பூரமும் காயு பூத்தே எண்ணெயும் சேர்த்துக் கொண்டுவந்தார்களாம். சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அண்ணி போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. ஏனென்றால் தண்ணீர் ஏறும் நேரம் அது. கூழைக்கடா வெளியே நிற்கிறது. கிழிந்த பையோடு, கொக்கோடு, உயிரோடு.

வேறு ஒரு கூழைக்கடா இருந்திருக்கலாம். ஆனால் போத்தலைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காயு பூத்தே வாசனைக்கு அடியில் அசல் வாத்து. எத்தனை வாத்துக் கொழுப்பை உருக்கியவள் நான். யாரோ அக்கரையில் இவரை நன்றாக ஏமாற்றி, சுட்டதாகச் சொல்லச் சொல்லி, வாத்துக் கொழுப்பை விற்றிருக்கிறார்கள். மனிதர் வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர்.

இப்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், ஏமாந்தது தெரிந்துவிடும். அக்காவின் முன்னால் மானம் போகும். ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே எழுந்துபோய்ச் சாத்தினார். காற்று அடிக்கிறதாம். அப்பாடா என்று இருந்தது.

12 நவம்பர், திங்கள்

யார் தேய்ப்பது என்று ஒரு பிரச்சினை. அண்ணிக்கு விரல் முடியாது. காமாரியாவைக் கூப்பிடலாம் என்றேன். அவளுக்குச் சாயங்காலம் பாசார்.

அவர் கிண்ணத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தார். நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், வலியில் கண்ணீர் வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதாவது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே போனார். கீழே பாத்திரங்கள் சத்தம் போட்டன.

"காலைக் கொடு" என்றார்.

கொடுத்தேன். கயிறு இழுத்துக் காய்த்த கை, பனைமட்டை மாதிரி. ஆனால் எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே அந்த இடத்துக்குப் போயிற்று. கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு அரை மணி அவர் என் எதிரில் உட்கார்ந்ததில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

20 நவம்பர், செவ்வாய்

வலி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2 டிசம்பர், ஞாயிறு

சுவரைப் பிடித்துக்கொண்டு படியின் மேல் முனை வரை நடந்தேன். படியை எட்டிப் பார்த்தேன். பயமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். ஆனால் நடந்தேன்.

அண்ணிக்கு வாயெல்லாம் பல். கூழைக்கடா கைவிடாது என்று அப்போதே ஹக்கீம் சொன்னாரே என்கிறார். தேய்க்கிற கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. போத்தலில் அடிமட்டம்தான் மிச்சம். இன்னொரு பறவை பிடித்தால் நல்லது என்றார் அண்ணி. அடுத்த ஞாயிறு பார்க்கிறேன் என்றார் அவர்.

9 டிசம்பர், ஞாயிறு

வியாழக்கிழமை முதல் கூழைக்கடாவைக் காணோம். கொக்கு மட்டும் வந்து, வழக்கமான இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

இன்று மாலை இரண்டாவது போத்தல் வந்தது. இந்தத் தடவை எங்கே சுட்டீர்கள் என்று கேட்டேன். ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே என்றார்.

பேசாமல் இருந்தேனே, என்ன லாபம்? கடைசியில் அது செத்தது, நான் நடந்தேன். யாரிடம் சொல்லி அழுவது? அவர் என் காலைத் தொட்டபோது இன்று உடம்பு கூசியது. எண்ணெயை மோந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

11 டிசம்பர், செவ்வாய்

வந்துவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தேன், நிற்கிறது. கிழிந்த பை, இடது பக்கம் கொக்கு. எங்கே போயிருந்ததோ. அண்ணி தோசை கொண்டுவந்தபோது ஒன்று அதிகமாகக் கேட்டு வாங்கித் தின்றேன்.

பிறகு போத்தலை மோந்து பார்த்தேன். வாத்துதான்.

16 டிசம்பர், ஞாயிறு

இதை மெதுவாக எழுத வேண்டும்.

மத்தியானம் அலாவுதீன் வந்திருந்தார். கீழே அண்ணி சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டு அலாவுதீன் போன பிறகு, சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு மேலே வந்த என் வீட்டுக்காரர் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அலாவுதீன் சாப்பிட்டா பாதி உள்ள போகுது, பாதி கீழ விழுது. அந்தக் கூழைக்கடா மாதிரி. இடது பக்கம் பொறுக்க ஒரு கொக்கு நின்னா ஒண்ணும் வீணாகாது."

சொல்லிவிட்டு முழங்காலை அமுக்க ஆரம்பித்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

எந்தக் கூழைக்கடா? எல்லாக் கூழைக்கடாவுக்கும் பை கிழிந்திருக்குமா? எல்லாவற்றுக்கும் இடது பக்கம் கொக்கு நிற்குமா? இதைத் தெரிந்துகொள்ள நாள் கணக்கில் நின்று பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்த மாதிரி.

அவர் கை என் காலில் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

17 டிசம்பர், திங்கள்

காமாரியாவைக் கேட்டேன். கைகொட்டிச் சிரித்தாள். "உங்க வீட்டு அண்ணன் ஹக்கீம் வந்த அன்னைக்கே வந்து சொன்னாருலா அக்கா, இந்தப் பறவையைப் பத்தி வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதேன்னு. அப்புறம் நீயும் அதையே சொன்னே. ரெண்டு பேருக்கும் என்ன பைத்தியமோன்னு நான் சும்மா இருந்துட்டேன்."

விடியற்காலையில் தெருவைச் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருவாராம், பீடி தீரும்வரை நிற்பாராம். பகலில் அவர் படகு கிடக்கும் முகத்துவாரத்துக்கும் அது போகிறது. எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஹக்கீம் சொன்ன அன்றும் தெரியும். தெரிந்துதான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லாத இடமாகப் பார்த்து அலாவுதீனை அழைத்துக்கொண்டு போனார். வாத்தை உருக்கினார். அலாவுதீனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், வாத்து அவருடையதுதானே. ஏமாந்தவர் அவர் இல்லை.

முதலில் வந்தது கோபம். எனக்குக் கால் வருவதைவிட அந்தப் பறவை பெரிதா இவருக்கு? கொழுப்பு இல்லாமல் நான் குணமாகாமல் போயிருந்தால் என்னைக் கப்பலில் ஏற்றி இருப்பாரா? அப்புறம் இதே கேள்வியை நான் எனக்கே கேட்டு இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் பதில் எழுதவில்லை என்று நினைவு வந்தது.

அவரிடம் கேட்கலாமா? கேட்டால் நானும் சொல்ல வேண்டும். வேண்டாம். கேட்டுவிட்டால் இரண்டு பேரும் வெட்கப்பட்டு அதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

28 டிசம்பர், வெள்ளி

மூன்று படி இறங்கினேன். அதிலேயே உட்கார்ந்து ஒரு கட்டு முருங்கைக் கீரை ஆய்ந்தேன்.

14 ஜனவரி 1935, திங்கள்

பொங்கல். கீழே இறங்கிவிட்டேன். ஒரு கை சுவரில், ஒரு கை அவர் தோளில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சின்னக் குழந்தை இறங்குகிற மாதிரி. அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்த்தினார்கள். பானை பொங்கும்போது பக்கத்தில் இருந்தேன்.

கால் முழுக்கக் குணம் என்று சொல்ல முடியாது. குளிர்ந்த நாளில் பிடித்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறலாம், அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தபடி அரைக்கலாம், நறுக்கலாம், அண்ணிக்குப் பாதி வேலை குறையும்.

அண்ணி சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்துக்கொண்டே, "கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ இங்கேயே இரு" என்றார். திட்டுகிற மாதிரிதான் சொன்னார். இன்னும் கொஞ்சம் நெய் விடுங்கள் என்றேன்.

22 ஜனவரி, செவ்வாய்

பூசத்துக்கு அண்ணி தண்ணீர்மலைக்குப் போய் வந்தார். எனக்காக ஒரு தேங்காய் உடைத்தாராம். எனக்காகச் செத்த இரண்டு கூழைக்கடாவுக்கும் சேர்த்து இன்னும் இரண்டு உடைத்தாராம், பாவம் ஒட்டக்கூடாது என்று. சொல்லும்போது அவர் அங்கேதான் இருந்தார். நல்லது அக்கா என்றார். முருகனுக்கு இரண்டு தேங்காய் லாபம்.

3 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் மாடிக்கு வந்தோம். இங்கேதான் காற்று. ஜன்னல் திறந்திருந்தது. அவர் இப்போதெல்லாம் அதைச் சாத்துவதில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் முனையில் அது நின்றது. நான் பார்த்தேன். அவர் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.

அண்ணி வெற்றிலையை மடித்தபடி கண்ணை இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார். "அங்க வெள்ளையா என்னடா கிடக்கு? ரொம்ப நாளா பார்க்கிறேன், அதே இடத்துல."

அவர் சட்டைக் கையை மடித்தார். பிரித்தார்.

"மாவு மூட்டைக்கா. தொங்காங்கிலேருந்து விழுந்திருக்கும்."

அதே நேரத்தில் அந்த மூட்டை எழுந்து நின்று, இரண்டு இறக்கையையும் ஆற்றின் பாதி அகலத்துக்கு விரித்து உதறியது. பக்கத்தில் இருந்த கொக்கு துள்ளி நகர்ந்தது.

"அசையுதே" என்றார் அண்ணி.

"தண்ணி ஏறுது அண்ணி" என்றேன். "அதான் ஆடுது."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. பிறகு அவரும் ஆற்றைப் பார்த்தார். கூழைக்கடா ஒரு முறை அள்ளியது. இடது பக்கம் ஒழுகியது. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

நல்ல மாவு வீணாகப் போயிற்று என்று அண்ணி வெகு நேரம் வருத்தப்பட்டார்.

சின்னையா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சூடு பண்ணக் கீழே போனார்.